ஒரு பிரேமுக்கு அஞ்சு நிமிஷம்: ரெண்டர் நேரம் எங்கே போகிறது?

ரெண்டர் என்றால் கம்ப்யூட்டரில் கட்டிய முப்பரிமாணக் காட்சியை வெளிச்சமும் நிழலுமாகக் கணக்கிட்டுப் படமாக்குவது. ஒரு நிமிட அனிமேஷன் என்றால் நொடிக்கு 24 பிரேம் கணக்கில் 1,440 படங்கள். ஒரு பிரேமுக்கு அஞ்சு நிமிஷம் என்று வைத்தால் 7,200 நிமிஷம், அதாவது 120 மணி நேரம். கம்ப்யூட்டரை வேறு எதற்கும் தொடாமல், கரண்ட் போகாமல், கார்டு சூடேறி நின்றுவிடாமல் முழுசாக அஞ்சு நாள். சிஸ்டம் 400 வாட் இழுக்கிறது என்றால் மின்சாரம் மட்டும் 48 யூனிட். தனியாகப் பார்த்தால் ஒரு பிரேமுக்கு அஞ்சு நிமிஷம் பெரிதாகத் தெரியாது, அதனால்தான் பலரும் வேலையை ஒப்புக்கொண்டு, தேதியும் கொடுத்துவிட்டு, கடைசி வாரத்தில் உட்கார்ந்து இந்தப் பெருக்கலைப் போடுகிறார்கள். அப்புறம் நடப்பது எல்லோருக்கும் தெரியும்: பதற்றத்தில் சாம்பிளை (ஒவ்வொரு பிக்சலுக்கும் எத்தனை தடவை வெளிச்சத்தைத் தேடிப் பார்ப்பது என்ற எண்) பாதியாகக் குறைப்பது, படம் புள்ளி புள்ளியாக வருவது, அந்தப் புள்ளிகளைத் துடைக்கிற டீநாய்சரைப் போட்டு மெழுகு பொம்மை மாதிரி ஆக்குவது, கடைசியில் "நல்ல கிராபிக்ஸ் கார்டு இருந்தால் போதும்" என்று பெருமூச்சு விடுவது.

கார்டு நல்லதுதான். ஆனால் கார்டு வந்தால் பிரச்சினை தீரும் என்பது முழு உண்மை இல்லை. 1995-ல் வந்த 'டாய் ஸ்டோரி' படத்தில் ஒரு பிரேமுக்கு 45 நிமிஷத்திலிருந்து 30 மணி நேரம் வரை ஆனது. 2013-ல் அதே பிக்சார் எடுத்த 'மான்ஸ்டர்ஸ் யுனிவர்சிட்டி' படத்தில் சராசரியாக ஒரு பிரேமுக்கு 29 மணி நேரம் ஆனதாகச் செய்திகள் வந்தன. நடுவில் பதினெட்டு வருஷம், கம்ப்யூட்டர்கள் எத்தனை மடங்கு வேகமாகியிருக்கும்! கணினி வரைகலை முன்னோடிகளில் ஒருவரான ஜிம் பிளின் பெயரில் இதற்கு ஒரு விதியே சொல்லுவார்கள்: இயந்திரம் எவ்வளவு வேகமானாலும் ரெண்டர் நேரம் அப்படியே இருக்கும். கிடைத்த வேகத்தை எல்லாம் இன்னும் அதிக ரோமத்திலும் இன்னும் நிஜமான வெளிச்சத்திலும் நாமே செலவு பண்ணிவிடுவோம். வீட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கிற ஆளுக்கும் இதே கதைதான். புது கார்டு வந்த வாரமே 2கே டெக்ஸ்சரை (பொருளின் மேல் ஒட்டுகிற படம்) எல்லாம் 4கே ஆக்கிவிடுவோம்.

இந்தக் கட்டுரைக்கு பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளையும், அதில் படத்தைக் கணக்கிடுகிற சைக்கிள்ஸ் ரெண்டரரையும் எடுத்துக்கொள்கிறேன். இலவசம் என்பதால் நிறையப் பேர் கையில் இருப்பது அதுதான், தவிர உள்ளே என்ன நடக்கிறது என்பதை ஒளிக்காமல் காட்டும். வேறு மென்பொருளில் ஆர்னால்டோ விரேயோ வைத்து வேலை செய்பவர்களுக்கும் பெயர்கள்தான் மாறும், சங்கதி ஒன்றுதான்.

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். "ஒரு பிரேமுக்கு அஞ்சு நிமிஷம்" என்பது ஒரே வேலைக்கான நேரம் கிடையாது. ரெண்டர் பட்டனை அழுத்தியதும் முதலில் காட்சி தயாராகிறது: மாடிஃபையர்கள் (பொருளின் வடிவத்தை மாற்றுகிற கட்டளைகள்) கணக்கிடப்படுகின்றன, சப்டிவிஷன் (மேற்பரப்பை நுணுக்கமாகப் பிரித்து வழவழப்பாக்குவது) விரிகிறது, டெக்ஸ்சர்கள் டிஸ்க்கிலிருந்து மெமரிக்கு ஏறுகின்றன, எந்தக் கதிர் எந்த முக்கோணத்தில் படும் என்று சீக்கிரம் தேடுவதற்கான பிவிஎச் என்ற மர அமைப்பு கட்டப்படுகிறது. இரண்டாவதுதான் சாம்பிளிங், நாம் ரெண்டர் என்று நினைத்துக்கொண்டிருக்கிற வேலை. மூன்றாவது டீநாய்ஸ். கடைசியாக கம்போசிட்டிங்கும் (படங்களை அடுக்கிக் கலப்பது) ஃபைலாக எழுதுவதும். ரெண்டர் ஜன்னலின் மேல் ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி ஓடிக்கொண்டிருக்குமே, அதை ஒரு பிரேமாவது முழுசாகப் படியுங்கள். "சிங்க்ரனைசிங் ஆப்ஜெக்ட்", "பில்டிங் பிவிஎச்" என்று எவ்வளவு நேரம் நிற்கிறது, சாம்பிள் எண் ஓடுவது எவ்வளவு நேரம், எவ்வளவு மெமரி பிடித்திருக்கிறது, எல்லாம் அதிலேயே இருக்கிறது. ஒரு பிரேம் 20 விநாடியில் 14 விநாடி தயாரிப்புக்கே போகிறது என்றால் சாம்பிளைப் பாதியாக்கி நீங்கள் மிச்சம் பிடிப்பது வெறும் மூன்று விநாடி, அதுவும் படத்தைக் கெடுத்துக்கொண்டு. இரண்டு மடங்கு வேகமான கார்டு வாங்கினாலும் மிச்சம் அதே மூன்று விநாடிதான்.

தயாரிப்பு நேரம் நீளமாக இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது பெர்சிஸ்டென்ட் டேட்டா என்ற டிக். பெர்ஃபாமன்ஸ் பகுதியில் இருக்கிறது, தானாக ஆன் ஆகியிருக்காது. அதைப் போட்டால் ஒரு பிரேம் முடிந்ததும் எல்லாவற்றையும் தூக்கி எறியாமல், மாறாத பொருட்களை மெமரியிலேயே வைத்துக்கொண்டு அடுத்த பிரேமுக்குப் போகும். கேமரா மட்டும் நகர்கிற கட்டடக் காட்சிகளுக்கு இது வரப்பிரசாதம். விலை, மெமரி கொஞ்சம் கூடப் பிடிக்கும்.

அடுத்தது சப்டிவிஷன். ஒவ்வொரு லெவலுக்கும் முகங்கள் (மேற்பரப்பை ஆக்குகிற சின்னச் சின்னத் துண்டுகள்) நாலு மடங்காகும். 10,000 முகம் உள்ள ஒரு சோபாவுக்கு லெவல் 3 போட்டால் 6,40,000. அந்தச் சோபா கேமராவுக்குப் பின்னால் இருந்தாலும் இதே கதைதான், ஏனென்றால் அதன் நிழலும் பிரதிபலிப்பும் காட்சியில் வரலாம் என்று ரெண்டரர் அதையும் எடுத்துக்கொண்டாக வேண்டும். வியூபோர்ட்டுக்கு (வேலை செய்யும்போது காட்சியைப் பார்க்கிற ஜன்னல்) ஒரு லெவல், ரெண்டருக்கு ஒரு லெவல் என்று தனித்தனி எண் இருப்பதால் ரெண்டர் லெவலை எப்போதோ 4 என்று போட்டுவிட்டு மறந்துபோவது ரொம்ப சகஜம். சிம்ப்ளிஃபை என்ற பகுதியில் மொத்தக் காட்சிக்கும் சேர்த்து ஒரு உச்சவரம்பு வைக்கலாம், ஒரே இடத்தில். பொருட்களை நகல் எடுக்கும்போதும் ஷிஃப்ட்-டிக்குப் பதிலாக ஆல்ட்-டி அழுத்தினால் நூறு நாற்காலிக்கும் ஒரே மெஷ்தான் (முகங்களால் ஆன வடிவம்) மெமரியில் இருக்கும். ஷிஃப்ட்-டியில் நூறு தனித்தனி மெஷ். இந்தப் பழக்கம் ஒன்றே பல பெரிய காட்சிகளைக் காப்பாற்றியிருக்கிறது.

மெமரி என்று வந்துவிட்டதால் டெக்ஸ்சரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டிஸ்க்கில் 4 எம்பி ஜேபெக்காக இருக்கிற ஒரு 4கே படம், ரெண்டரின்போது விரித்துத்தான் ஏறும். 4,096 பெருக்கல் 4,096 பிக்சல், ஒவ்வொன்றுக்கும் நாலு பைட், ஆக 64 எம்பி. 16 பிட் படமாக இருந்தால் இன்னும் இரட்டிப்பு. ஒரு மெட்டீரியலுக்கு இப்படி மூன்று படம், மொத்தம் 25 மெட்டீரியல் என்றால் டெக்ஸ்சருக்கே 5 ஜிபி கிட்டத்தட்டப் போய்விடும். 6 ஜிபி கார்டு வைத்திருப்பவர் என்ன செய்வார்? கார்டின் மெமரி நிறைந்துவிட்டால் ஒன்று ரெண்டர் பிழை காட்டி நின்றுபோகும், அல்லது மிச்சத்தைக் கம்ப்யூட்டரின் சாதாரண ரேமில் வைத்துக்கொண்டு ஆமை வேகத்தில் ஓடும். இரண்டாவதுதான் மோசம், ஏனென்றால் பிழை எதுவும் வராது, "ஏன் இன்றைக்கு இவ்வளவு ஸ்லோ" என்று தலையைப் பிய்த்துக்கொள்வோம். தூரத்து அலமாரியில் இருக்கிற ஒரு பூந்தொட்டி முழுப் படத்தில் 150 பிக்சல் உயரம்தான் வரப்போகிறது என்றால் அதற்கு 4கே எதற்கு? 512 போதும். இதையும் சிம்ப்ளிஃபை பகுதியிலேயே மொத்தமாகக் கட்டுப்படுத்தலாம். இன்னொரு சின்ன விஷயம்: பின்னால் வியூபோர்ட்டை ரெண்டர்டு நிலையில் விட்டுவிட்டு எஃப்12 அழுத்தி ரெண்டரைத் தொடங்கினால் அதே காட்சி கார்டில் இரண்டு தடவை உட்கார்ந்திருக்கும். சாலிட் நிலைக்கு மாற்றிவிட்டு அழுத்துங்கள்.

சரி, இப்போது சாம்பிளிங்.

சைக்கிள்ஸ் ஒரு பாத் டிரேசர், அதாவது ஒளிக்கதிர் போகிற பாதையைத் தேடிப் பார்த்துப் படமாக்குகிற ரெண்டரர். 1986-ல் ஜேம்ஸ் கஜியா ரெண்டரிங் சமன்பாட்டை எழுதினார். ஒரு புள்ளியிலிருந்து கண்ணுக்கு வரும் வெளிச்சம் என்பது அந்தப் புள்ளி தானாக வெளியிடுவதும், மற்ற எல்லாத் திசைகளிலிருந்தும் அதன் மீது விழுந்து திரும்புவதும் சேர்ந்தது என்பது அதன் சாரம். "எல்லாத் திசைகளிலிருந்தும்" என்ற இடத்தில்தான் சிக்கல். எல்லாத் திசையையும் கணக்கிட முடியாது, அதனால் சில திசைகளைக் குத்துமதிப்பாகத் தேர்ந்தெடுத்துச் சராசரி எடுக்கிறார்கள். தேர்தல் கருத்துக்கணிப்பு மாதிரிதான்: பத்துப் பேரிடம் கேட்டால் முடிவு தாறுமாறாக இருக்கும், ஆயிரம் பேரிடம் கேட்டால் ஓரளவு நிலைக்கு வரும். ஒவ்வொரு பிக்சலும் தனித்தனியாக இப்படிக் கணிப்பு நடத்துகிறது, பக்கத்துப் பிக்சலுக்குக் கிடைத்த பதில் வேறாக இருக்கிறது, அந்த வித்தியாசம்தான் நாம் பார்க்கிற நாய்ஸ்.

இதில் ஒரு கசப்பான கணக்கு இருக்கிறது. நாய்ஸ் சாம்பிள் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்குத்தான் குறையும். பாதியாகக் குறைய வேண்டுமென்றால் சாம்பிள் நாலு மடங்கு, அதையும் பாதியாக்க இன்னொரு நாலு மடங்கு. 128 சாம்பிளில் ஒரு நிமிஷம் ஆன பிரேமை நாய்ஸ் கால்வாசியாகும்வரை கொண்டுபோக 2,048 சாம்பிள், ஏறக்குறைய 16 நிமிஷம். சாம்பிளை ஏற்றிக்கொண்டே போய் நாய்ஸைக் கொல்லப் பார்ப்பது எந்தக் கார்டாலும் முடியாத காரியம் என்பது இதிலிருந்தே தெரியும். நாய்ஸ் எங்கிருந்து வருகிறது என்று தேடி, அந்த இடத்தைச் சரி செய்வதுதான் வழி.

இதற்கு ஓர் உதாரணத்தை நெருக்கத்தில் பார்ப்போம். ஒரு ஹால், ஒரு ஜன்னல், வெளியே சூரியன், ஜன்னலில் கண்ணாடி. கட்டட வடிவமைப்புக்காரர்களிடமிருந்து வருகிற வேலையில் பாதி இதுதான். மாடல் பண்ணியவர் ஒழுங்காக, ஜன்னலுக்குக் கண்ணாடி ஷேடரை (ஒளி பட்டால் மேற்பரப்பு எப்படி நடந்துகொள்ளும் என்ற வரையறை) போட்டிருப்பார். ரெண்டர் போட்டால் ஹால் இருட்டாக, வெள்ளைப் புள்ளிகள் தெறித்துக் கிடக்கும்.

என்ன நடக்கிறது? பாத் டிரேசர் வெளிச்சத்தைத் தலைகீழாகத் தேடுகிறது. கேமராவிலிருந்து ஒரு கதிர் கிளம்பித் தரையில் விழுகிறது. அங்கிருந்து "சூரியன் தெரிகிறதா?" என்று கேட்டு நேராகச் சூரியனை நோக்கி ஒரு நிழல் கதிரை அனுப்புகிறது. இந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்று பதில் வந்துவிட்டால் வேலை சுலபம். ஆனால் நடுவில் கண்ணாடி இருக்கிறது. கண்ணாடி ஒளியை வளைக்கும், வளைந்தால் அந்த நேர்க்கோடு செல்லாது, அதனால் ரெண்டரர் அதைத் தடுப்புச் சுவராகவே எடுத்துக்கொள்கிறது. மிச்சமிருக்கிற ஒரே வழி, தரையில் பட்டு ஏதோ ஒரு திசையில் தெறித்த கதிர் கண்ணாடி வழியாக வெளியே போய்த் தற்செயலாகச் சூரியனில் போய் முட்டுவது. வானத்தில் சூரியனின் அகலம் அரை டிகிரிதான். ஆயிரக்கணக்கான கதிரில் ஏதோ ஒன்று முட்டும், அந்தப் பிக்சல் மட்டும் பளீரென்று எரியும். ஃபயர்ஃபிளை என்று சொல்லுகிற அந்த வெள்ளைப் புள்ளிகள் பெரும்பாலும் இப்படிப் பிறந்தவைதான். இந்த அறையை 10,000 சாம்பிளில் ஓட்டினாலும் சுத்தமாகாது.

தீர்வு சாம்பிளில் இல்லை, மெட்டீரியலில் இருக்கிறது. கண்ணாடி ஷேடரோடு டிரான்ஸ்பேரன்ட் ஷேடர் ஒன்றைக் கலந்து, லைட் பாத் நோடில் (மெட்டீரியலைக் கட்டுகிற சின்னப் பெட்டிகளில் ஒன்று) "ஈஸ் ஷேடோ ரே" என்பதைக் கலவை அளவாகக் கொடுத்தால், கேமராவுக்குக் கண்ணாடி கண்ணாடியாகத் தெரியும், நிழல் கதிருக்கு மட்டும் வெறும் காற்றாகத் தெரியும். மூன்று நோடு, நாலு இணைப்பு, மணிக்கணக்கில் மிச்சம். அதைவிடச் சுலபமான வழியும் உண்டு: ஜன்னல் கண்ணாடியை எடுத்தே விடுங்கள். பகல் காட்சியில் உள்ளேயிருந்து பார்க்கும்போது அதில் பிரதிபலிப்பு அவ்வளவாகத் தெரியாது, வாடிக்கையாளரும் கேட்கமாட்டார்.

சூரியனுக்குப் பதில் எச்டிஆர்ஐ வானத்தை (வெளிச்சத்தின் அளவையும் சேர்த்துப் பதிவுசெய்த வானப் படம்) மட்டும் நம்பியிருந்தால், ஜன்னல் அளவுக்கு ஒரு ஏரியா லைட்டை (பலகை மாதிரியான விளக்கு) வைத்து அதில் போர்ட்டல் என்று டிக் போடலாம். அது தானாக வெளிச்சம் தராது, "வானம் இந்த ஓட்டை வழியாகத்தான் வருகிறது, இங்கே தேடு" என்று வழிகாட்டும், அவ்வளவுதான். அறைக்குள் நல்ல பலன் கொடுக்கும். வெட்டவெளிக் காட்சியில் வேண்டாம்.

அப்புறம் சுவர். வெள்ளைச் சுவர் என்றதும் நிறத்தை 1.0 என்று முழு வெள்ளையாக வைப்பவர்கள் நிறைய. பட்ட வெளிச்சத்தில் ஒரு துளிகூட உறிஞ்சாத சுவர் உலகத்தில் கிடையாது. நல்ல வெள்ளைப் பெயிண்டே 0.8 அளவில்தான் இருக்கும். முழு வெள்ளை என்றால் கதிர் பலம் குறையாமல் தெறித்துக்கொண்டே இருக்கும், ரெண்டரரால் அதை முன்கூட்டியே கைவிடவும் முடியாது. 0.8 ஆக்கினால் நேரமும் குறையும், மூலைகளில் நிழல் இறங்கி அறையும் நிஜமாகத் தெரியும். இலவசமாகக் கிடைக்கிற லாபம் இந்தத் தொழிலில் அபூர்வம், இது அதில் ஒன்று.

பவுன்ஸ் எண்களும் (ஒரு கதிர் அதிகபட்சம் எத்தனை தடவை தெறிக்கலாம் என்பது) இங்கேதான் வருகின்றன. சைக்கிள்ஸ் தானாக வைத்திருப்பது மொத்தம் 12, டிஃப்யூஸ் (பளபளப்பில்லாத பரப்பு) 4, கிளாசி (பளபளப்பான பரப்பு) 4, டிரான்ஸ்மிஷன் (கண்ணாடி மாதிரி வளைந்து ஊடுருவது) 12, டிரான்ஸ்பேரன்ட் (வளையாமல் ஊடுருவது) 8. எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு 2 ஆக்குங்கள் என்று சொல்லுகிற வீடியோக்கள் ஏராளம், நம்பாதீர்கள். அறைக்குள் டிஃப்யூஸ் பவுன்ஸைக் குறைத்தால் மூலைகள் இருண்டுவிடும், அதைச் சரிகட்ட நீங்கள் கூடுதல் லைட் வைப்பீர்கள், பழைய குருடி கதவைத் திறடி என்று அதே இடத்துக்கு வந்து நிற்பீர்கள். வெட்டவெளிக் காட்சி என்றால் தாராளமாகக் குறைக்கலாம், அங்கே கதிர் ஒன்றிரண்டு தடவை தெறித்து வானத்துக்குப் போய்விடும். காஸ்டிக்ஸ் (பளபளப்பான பொருளோ கண்ணாடியோ குவித்துத் தருகிற வெளிச்சம்) இரண்டையும், பிரதிபலிப்பதையும் ஊடுருவுவதையும், அணைத்துவிடலாம், நகை விளம்பரமோ தண்ணீர் டம்ளரோ செய்யாதவரை யாருக்கும் வித்தியாசம் தெரியாது. இன்டைரக்ட் கிளாம்ப் (தெறித்து வருகிற வெளிச்சத்துக்கு வைக்கிற உச்சவரம்பு) 10 என்று இருக்கும், ஃபயர்ஃபிளை தொல்லை தாங்கவில்லை என்றால் 3 வரை இறக்கிப் பார்க்கலாம். அதற்குக் கீழே போனால் படம் உயிரற்றுப் போகிறது என்பது என் கருத்து.

மரங்கள் உள்ள காட்சிகளுக்கு ஒரு தனி நோய் உண்டு. தட்டையான அட்டையில் இலைப் படத்தை ஒட்டி, சுற்றியுள்ள பகுதியை ஆல்ஃபாவால் (படத்தில் எது தெரியும், எது தெரியாது என்ற தகவல்) மறைத்துச் செய்த இலைகள் கேம் என்ஜின்களுக்காகப் பிறந்தவை. பாத் டிரேசரில் ஒவ்வொரு அட்டையும் கதிரை நிறுத்தி, "இங்கே இலை இருக்கிறதா, ஓட்டையா?" என்று ஷேடரைக் கேட்க வைக்கிறது. அடர்ந்த மரத்தில் ஒரு கதிர் இருபது அட்டையைத் தாண்ட வேண்டியிருக்கும், டிரான்ஸ்பேரன்ட் வரம்பு 8-ஐத் தாண்டியதும் மரத்துக்குள் கருப்புக் கருப்பாகத் திட்டுகள் வரும். இலையின் வடிவத்திலேயே மெஷ்ஷை வெட்டிவிட்டால் முகங்கள் கூடினாலும் ரெண்டர் வேகமாகும். முக்கோணங்களைக் கண்டு சைக்கிள்ஸ் பயப்படுவதில்லை, பிவிஎச் இருப்பதே அதற்காகத்தான். ஆல்ஃபாவைக் கண்டுதான் பயப்படும்.

மூடுபனிக்காகக் காட்சி முழுக்க வால்யூம் (ஒளியைச் சிதறவிடும் காற்று) போடுவதும் அதே ரகம். சூரியக் கதிர் தூணாக இறங்குவது வேண்டுமென்றால் வேறு வழியில்லை, போட்டுத்தான் ஆக வேண்டும். வெறுமனே தூரத்து மலை வெளிறித் தெரிந்தால் போதுமென்றால் மிஸ்ட் பாஸ் (எது எவ்வளவு தூரம் என்று காட்டுகிற தனிப் படம்) எடுத்து கம்போசிட்டிங்கில் கலந்துவிடலாம், அதற்கு ஆகும் நேரம் ஏறக்குறைய பூஜ்யம்.

நிறைய விளக்குகள் இருக்கிற காட்சியும் முன்பு பெரிய தலைவலி. திருவிழா சீரியல் லைட் கட்டிய ஒரு தெருவை நினைத்துக்கொள்ளுங்கள், சில ஆயிரம் குட்டி பல்புகள். முன்பெல்லாம் எந்த பல்பு இந்தப் புள்ளிக்குப் பக்கம், எது ஐந்நூறு அடி தள்ளி என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் கதிர் வீணாகும். 2023 மார்ச்சில் வந்த பிளெண்டர் 3.5-ல் லைட் ட்ரீ வந்த பிறகு, பக்கத்தில் பலமாக இருக்கிற விளக்குகளை அதிகமாகத் தேர்ந்தெடுக்கிறது. அப்படியும் சுமை தாங்கவில்லை என்றால் அந்த பல்புகளின் மெட்டீரியலில் எமிஷன் சாம்பிளிங்கை 'நன்' என்று வைத்துவிடலாம். பல்பு கண்ணுக்கு எரிவதாகத் தெரியும், விளக்கு என்ற கணக்கில் யாரும் அதைத் தேடிப் போகமாட்டார்கள். தெருவுக்கு வெளிச்சம் தர நாலு ஏரியா லைட்டை மறைவாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான். சினிமா செட்டிலும் ஒளிப்பதிவாளர்கள் செய்வது இதைத்தானே.

இதெல்லாம் செய்த பிறகுதான் சாம்பிள் எண்ணைத் தொட வேண்டும். 2021 டிசம்பரில் வந்த பிளெண்டர் 3.0-ல் சைக்கிள்ஸை உள்ளே பெரிய அளவில் மாற்றி எழுதினார்கள், ஜிபியு (கிராபிக்ஸ் கார்டு) ரெண்டர் நிஜக் காட்சிகளில் 2 முதல் 8 மடங்கு வேகமானதாக அவர்களே சொன்னார்கள். கூடவே தானாக வருகிற எண்களும் மாறின: அதிகபட்ச சாம்பிள் 4,096, நாய்ஸ் த்ரெஷோல்டு 0.01. இந்த 4,096-ஐப் பார்த்துப் பயந்து 100 ஆக்குகிறவர்கள் உண்டு, தேவையில்லை, அது மேல் வரம்பு மட்டும்தான். உண்மையில் வேலையை நடத்துவது த்ரெஷோல்டு. ஒரு பிக்சல் போதுமான அளவு சுத்தமாகிவிட்டது என்று தெரிந்ததும் அதை விட்டுவிட்டு, கஷ்டப்படுகிற பிக்சலுக்கு மட்டும் மேலும் சாம்பிள் போகும். வெறும் வானம் 50 சாம்பிளில் முடிந்துவிடும், சோபாவுக்கு அடியில் இருக்கிற இருட்டு 1,000 கேட்கும். டீநாய்சர் போடப்போகிறோம் என்றால் 0.01 ரொம்பக் கறார். அனிமேஷனுக்கு 0.03-லிருந்து 0.05-க்குள், அதிகபட்சம் 500 சாம்பிள் என்று ஆரம்பித்துப் பாருங்கள், பெரும்பாலான அறைகளுக்குப் போதும்.

டீநாய்சர் வந்ததுதான் கடந்த பத்து வருஷத்தில் தனி ஆட்களுக்கு நடந்த பெரிய நல்லது. இன்டெல்லின் ஓபன் இமேஜ் டீநாய்ஸ் 2019-ல் பிளெண்டர் 2.81-ல் சேர்ந்தது, 2024-ல் வந்த 4.1-லிருந்து அது ஜிபியுவிலும் ஓடுகிறது. ஒற்றைப் படத்துக்கு அது மாயம்தான். அனிமேஷனில்தான் அதன் சாயம் வெளுக்கும். ஒவ்வொரு பிரேமையும் தனித்தனியாகச் சுத்தம் செய்வதால், நாய்ஸ் அதிகமாக இருந்த இடத்தில் இந்தப் பிரேமில் ஒரு மாதிரியும் அடுத்த பிரேமில் வேறு மாதிரியும் ஊகிக்கும். ஓடவிட்டால் சுவரில் திட்டுத் திட்டாக ஏதோ கொதிக்கிற மாதிரி தெரியும். ஒரு பிரேமைப் பார்த்து "அருமையா இருக்கு" என்று முடிவுபண்ணி 1,440-ஐயும் ஓட்டிவிட்டு வந்தால் இந்தக் கொதிப்பு அப்புறம்தான் தெரியவரும். அதனால் எந்தச் செட்டிங்காக இருந்தாலும் அடுத்தடுத்து ஒரு பத்து, இருபது பிரேம் ரெண்டர் செய்து ஓடவிட்டுப் பாருங்கள். கொதித்தால் த்ரெஷோல்டைக் கொஞ்சம் இறுக்குங்கள். டீநாய்சருக்கு ஆல்பிடோ (பொருளின் சொந்த நிறம்), நார்மல் (மேற்பரப்பு பார்க்கிற திசை) இரண்டையும் கொடுக்கிறோமா என்றும் பாருங்கள், அவை இருந்தால் துணியின் நெசவும் மரத்தின் ரேகையும் அழியாமல் தப்பிக்கும்.

சைக்கிள்ஸே வேண்டுமா என்ற கேள்வியையும் கேட்டுப் பார்க்க வேண்டும். லாட்வியாவின் கின்ட்ஸ் சில்பலோடிஸ் இயக்கிய 'ஃப்ளோ' முழு நீளப் படம் பிளெண்டரில் செய்தது, ரெண்டர் செய்தது பிளெண்டரின் இன்னொரு ரெண்டரரான ஈவியில், அதுதான் 2025-ல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை வாங்கியது. ஈவி கேம் என்ஜின் மாதிரி வேலை செய்கிறது, பிரேமுக்கு நிமிஷங்கள் போகிற இடத்தில் விநாடிகள்தான் ஆகும். கண்ணாடியும் மறைமுக வெளிச்சமும் சைக்கிள்ஸ் அளவுக்கு வராது, உண்மைதான். ஆனால் கதை சொல்லுகிற படத்துக்கும், தயாரிப்புப் பொருளைச் சுற்றிக்காட்டுகிற 15 விநாடி விளம்பரத்துக்கும் அவ்வளவு நிஜம் வேண்டுமா என்பதை முதல் நாளே முடிவு செய்ய வேண்டும். கடைசி வாரத்தில் சைக்கிள்ஸிலிருந்து ஈவிக்கு மாறினால் லைட்டிங் எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

கேமரா அசையாத ஒரு 10 விநாடி ஷாட்டில் இன்னொரு பெரிய லாபம் கிடைக்கும். பின்னணி மாறவே இல்லை என்றால் அதை ஏன் 240 தடவை ரெண்டர் செய்ய வேண்டும்? ஒரே ஒரு தடவை, நல்ல சாம்பிளில் ரெண்டர் செய்து வைத்துக்கொண்டு, நடந்துபோகிற பாத்திரத்தையும் தரையில் அதன் நிழலையும் மட்டும் ஷேடோ கேட்சர் (நிழலை மட்டும் பிடித்துத் தருகிற பரப்பு) வைத்துத் தனியாக எடுத்து மேலே ஒட்டலாம். பழைய கை ஓவிய அனிமேஷன்காரர்கள் செல்லுலாயிடு தாளில் செய்தது இதுதான்.

எப்படி எடுத்தாலும் நேராக எம்பி4 ஆக ரெண்டர் செய்யாதீர்கள், தயவுசெய்து. 900-வது பிரேமில் கரண்ட் போனால் மொத்த ஃபைலும் போச்சு. படம் படமாக எழுதினால் அதே 900-லிருந்து தொடரலாம். மல்டிலேயர் இஎக்ஸ்ஆர் (ஒரே ஃபைலில் பல அடுக்குத் தகவல்களை வைக்கிற பட வடிவம்) ஆக எழுதினால் இன்னும் நல்லது. "சோபா கலர் கொஞ்சம் மாத்துங்க சார்" என்று வாடிக்கையாளர் சொன்னால் கிரிப்டோமேட் (எந்தப் பிக்சல் எந்தப் பொருள் என்று குறித்துவைக்கிற அடுக்கு) வைத்துச் சோபாவை மட்டும் பிடித்து அங்கேயே மாற்றிவிடலாம், ரெண்டர் பக்கமே போக வேண்டாம். டிஸ்க் இடம் தின்னும், ஆனால் மறு ரெண்டரோடு ஒப்பிட்டால் டிஸ்க் மலிவு.

மொத்தத்தையும் ஓட்டுவதற்கு முன்னால் பிரேம் ஸ்டெப்பை (எத்தனை பிரேமுக்கு ஒன்றை ரெண்டர் செய்வது) 20 என்று வைத்து ஒரு சுற்று ஓட்டுவதும் நல்ல பழக்கம். 1,440-ல் 72 பிரேம்தான் வரும். எந்த இடத்தில் நேரம் எகிறுகிறது, எங்கே ஒரு பொருள் சுவருக்குள் புகுந்து நிற்கிறது, எல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிடும், அந்த 72-ம் வீணாகாது. ஓவர்ரைட்டை அணைத்துவிட்டு ஸ்டெப்பை 1 ஆக்கி ஓட்டினால் ஏற்கனவே இருப்பதைத் தாண்டிக்கொண்டு மிச்சத்தை மட்டும் போடும். கூடவே பிளேஸ்ஹோல்டர்ஸ் டிக்கையும் போட்டு, நெட்வொர்க்கில் பொதுவான ஒரு ஃபோல்டரைக் காட்டினால் இரண்டு மூன்று கம்ப்யூட்டர் ஒரே வேலையைப் பங்குபோட்டுச் செய்யும், தனி மென்பொருள் எதுவும் வேண்டாம். ஒன்று தொடங்கிய பிரேமுக்கு வெற்று ஃபைல் உட்கார்ந்துவிடும், மற்றது அதைத் தொடாமல் அடுத்ததற்குப் போய்விடும்.

வெப்பத்தையும் சொல்லாமல் விட முடியாது. ஏப்ரல், மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் லேப்டாப்பை ராத்திரி முழுக்க ரெண்டருக்கு விட்டால் முதல் அரை மணி நேரம் ஓடிய வேகம் அப்புறம் இருக்காது, சூடு தாங்காமல் சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் முதல் மூன்று பிரேமின் நேரத்தை வைத்து மொத்தக் கணக்குப் போடாதீர்கள், ஒரு மணி நேரம் கழித்து வருகிற பிரேமை வைத்துப் போடுங்கள். டெஸ்க்டாப் கார்டில் பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்கு இறக்கினால் வேகம் அந்த அளவுக்குக் குறைவதில்லை, சூடும் சத்தமும் நன்றாகவே குறையும்.

இவ்வளவும் செய்து இன்னும் நாள் பத்தவில்லை என்றால் ரெண்டர் ஃபார்ம், அதாவது பல கம்ப்யூட்டர்களில் பிரித்துப்போட்டு ரெண்டர் செய்துதருகிற சேவை. காசு கொடுத்து வாங்குகிற சேவைகள் நிறைய இருக்கின்றன. ஷீப்இட் என்று ஒன்று பணம் வாங்காமல் நடக்கிறது, நம் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது மற்றவர்கள் பிரேமை ரெண்டர் செய்துகொடுத்தால் புள்ளிகள் சேரும், நம் வேலை வரும்போது அதைச் செலவழிக்கலாம். வாடிக்கையாளரின் வெளியிடாத டிசைன் என்றால் அங்கே போடலாமா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள், உங்கள் ஃபைல் யார் யார் கம்ப்யூட்டருக்கோ போகிறது. காசு கொடுக்கிற இடமென்றால் முழு வேலையையும் கொட்டாமல் முதலில் அஞ்சாறு பிரேம் அனுப்பி, என்ன செலவாகிறது என்று பார்த்துப் பெருக்கிக்கொள்ளுங்கள். மேலே சொன்ன கண்ணாடி, இலை, டெக்ஸ்சர் சங்கதிகளைச் சரி செய்யாமல் அனுப்பினால் அந்த ஓட்டைகளுக்கு மணிக்கணக்கில் வாடகை கட்டுவீர்கள். டெக்ஸ்சர்களை பிளெண்ட் ஃபைலுக்குள்ளேயே பேக் (pack) செய்து, அதாவது கட்டிச் சேர்த்துவிட்டு அனுப்ப வேண்டும், இல்லையென்றால் எல்லாம் ரோஸ் கலந்த ஊதா நிறத்தில் வந்து நிற்கும். துணி, புகை, தண்ணீர் சிமுலேஷன் இருந்தால் அதைக் கட்டாயம் முன்பே பேக் (bake) பண்ணி, அதாவது கணக்கிட்டுச் சேமித்து, அந்த கேஷையும் (சேமித்த கணக்கு) சேர்த்து அனுப்புங்கள். ஃபார்மில் 300-வது பிரேம் ஒரு மெஷினுக்கும் 301 இன்னொரு மெஷினுக்கும் போகும், முன்னால் நடந்த 299 பிரேம் அந்த மெஷின்களுக்குத் தெரியாது, கேஷ் இல்லாவிட்டால் திரைச்சீலை ஒவ்வொரு பிரேமிலும் வேறு வேறு மாதிரி தொங்கும்.